கூலி என்னும் கேள்வி: மே மாதத்திற்கு ஒரு வாசிப்புத் திட்டம்

ஒரு மாத காலத்தை ஒரே பொருளைச் சுற்றி எழுதப்பட்ட கதைகளுக்கும் நாவல்களுக்கும் மட்டுமே ஒதுக்கி, அவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொண்ட வரிசையில் படித்து முடிப்பதைப் பொருள்வழி வாசிப்பு எனலாம். கைக்குக் கிடைத்த நூலைக் கிடைத்தபோது படிப்பதிலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது: தனித்தனியே படிக்கும்போது ஒவ்வொரு நாவலும் தனக்குள் முற்றுப்பெற்ற உலகமாக நின்றுவிடுகிறது, அடுத்தடுத்துப் படிக்கும்போதோ முதல் நூல் எழுப்பிய கேள்விக்கு இரண்டாவது நூல் விடை சொல்லவும், மூன்றாவது நூல் அந்த விடையை மறுக்கவும் தொடங்குகின்றன. இந்த உரையாடல் நூல்களுக்குள் இல்லை. அவற்றை அருகருகே வைக்கும் வாசகரின் மனத்தில்தான் நிகழ்கிறது. ஆகவே எந்த நூலை எதன் அருகில் வைப்பது என்பதே திட்டத்தின் உயிர்நாடி.

பெரும்பாலான வாசிப்புத் திட்டங்கள் பத்தாம் நாளிலேயே கைவிடப்படுவதற்கு நேரமின்மை மட்டும் காரணமன்று. பெண், காதல், கிராமம் என்பன போல எல்லையற்ற தலைப்புகளைத் தேர்ந்துகொண்டால், எந்த நாவலையும் அதற்குள் அடக்கிவிடலாம். எதையும் அடக்கிவிடக்கூடிய தலைப்பு எதையும் கேட்பதில்லை. தலைப்பைச் சுருக்கி ஒரு கேள்வியாக்கிக் கொண்டால்தான் அது வாசகரைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்லும். உழைப்பு என்பது ஒரு தலைப்பு. உழைத்தவருக்கு அந்த உழைப்புக்கு ஈடாக என்ன கிடைத்தது என்பது ஒரு கேள்வி. தமிழ்ப் புனைகதை இந்த ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வெவ்வேறு தொழில்களின் வழியாகச் சொல்லிவந்துள்ள விடைகள் அடுத்தடுத்துப் படிக்கத் தக்க வளமும் ஒழுங்கும் கொண்டவை என்பதால், அவற்றைக் கொண்டே ஒரு மாதத் திட்டத்தை இங்கே வகுத்துப் பார்க்கலாம்.

இதற்கு மே மாதம் மிகப் பொருத்தமானது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் ம. சிங்காரவேலர் நடத்திய கூட்டமே இந்தியாவின் முதல் மே தினக் கொண்டாட்டமாகக் கருதப்படுகிறது. அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரானவர் என்பதும் இந்த மாதம் படிக்கவிருக்கும் மீனவர் நாவலோடு நெருங்கிய தொடர்புடையது. கோடை விடுமுறை, தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் உச்சத்தில் இருப்பதால் உப்பு நன்கு விளையும் காலம், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் செல்லக்கூடாத மீன்பிடித் தடைக்காலம் ஆகிய மூன்றும் இம்மாதத்தில் ஒன்றுசேர்வது, உப்பளத்தையும் கடலையும் பற்றிய நாவல்களைப் படிக்க ஏற்ற பின்னணி.

கணக்கைப் பொறுத்தவரை ஆசைக்கு இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சராசரி வாசகர் ஒரு நாளில் 25 பக்கங்களை ஊன்றிப் படிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், 31 நாட்களில் 775 பக்கங்கள் ஆகின்றன. உறவினர் வீட்டுத் திருமணம், காய்ச்சல், பயணம் என்று தவறும் நாட்களைக் கழித்தால் ஏறத்தாழ 600 பக்கங்களே மிஞ்சும். அதற்குள் அடங்குவது ஒரு நெடுங்கதை, மூன்று நடுத்தர அளவு நாவல்கள், ஒரு சிறுகதை ஆகிய ஐந்துமே. பத்து நூல்களைப் பட்டியலிட்டுக்கொண்டு மூன்றை முடிப்பவருக்கு எஞ்சுவது குற்ற உணர்ச்சி. ஐந்தைப் பட்டியலிட்டு ஐந்தையும் முடிப்பவருக்கு எஞ்சுவது ஒரு முழுமையான சிந்தனை.

மாதத்தின் முதல் மூன்று நாட்களைப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’க்குத் தரலாம். 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த இந்த நெடுங்கதை, திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி என்னும் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்கிறது. தோட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருபவரும், பிடித்த ஆட்களை அங்கே மேற்பார்வை செய்பவருமான கங்காணி என்னும் இடைத்தரகரைச் சுற்றியே அக்காலத் தோட்டத் தொழில் இயங்கியது. புறப்படும்போதே கையில் திணிக்கப்படும் முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டதால், வேலை தொடங்கும் முன்பே கூலி செலவாகிவிட்டிருந்தது. உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு இந்தக் கதை தரும் விடை மிகக் கொடியது: கிடைப்பது கடனும் நோயும். பெண்ணுக்கு அதற்கு மேலும் ஓர் இழப்பு உண்டு. கதை மருதியின் மகளுடைய தலைமுறை வரை நீள்வதால், ஒருத்தி பட்ட துன்பம் அவளோடு தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் வாசகர் காண்கிறார். புதுமைப்பித்தன் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவரல்லர். நெல்லை மாவட்டக் கிராமங்களிலிருந்து அப்படிப் போனவர்களைப் பற்றிய நினைவுகள் புழங்கிய மண்ணைச் சேர்ந்தவர். அந்தத் தொலைவைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். ஏனெனில் எழுத்தாளருக்கும் அவர் எழுதும் தொழிலுக்கும் இடையிலுள்ள தொலைவு அடுத்து வரும் நூல்களில் படிப்படியாக மாறுகிறது.

மே 4 முதல் 14 வரை ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. 1979இல் வெளிவந்த இந்த நாவல் இத்திட்டத்தின் மையம் என்பதால் இதற்கு அதிக நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. 1925இல் முசிறியில் பிறந்து 2014இல் மறைந்த ராஜம் கிருஷ்ணன், ஒரு நாவலை எழுதத் தொடங்கும் முன் அந்த மக்கள் வாழும் இடத்துக்கே சென்று தங்கி, அவர்களோடு பேசி, வேலையின் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதைத் தம் வழக்கமாகக் கொண்டவர். ஆய்வாளர்கள் இதைக் கள ஆய்வு என்பார்கள். நீலகிரிப் படகர்களைப் பற்றிய ‘குறிஞ்சித் தேன்’, தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட குழந்தைகளைப் பற்றிய ‘கூட்டுக் குஞ்சுகள்’ ஆகியவையும் இவ்வாறு பிறந்தவையே. முறையான கல்லூரிப் படிப்பு இல்லாத ஒரு பெண், நடுத்தர வயதில், தனக்கு அன்னியமான தொழில்களின் களத்துக்கு நேரில் சென்று எழுதிய இந்த நாவல்வரிசை தமிழில் வேறு எவருடையதோடும் ஒப்பிட முடியாதது. அதற்குரிய மதிப்பு அவருக்கு இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்த நாவலைப் புரிந்துகொள்ள உப்பு விளையும் முறையைச் சற்று அறிந்திருப்பது உதவும். கடல்நீரோ நிலத்தடியிலிருந்து இறைக்கும் உவர்நீரோ முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்தப்பட்டு, வெயிலில் சுண்ட வைக்கப்பட்டு, படிப்படியாகச் சிறிய பாத்திகளுக்கு விடப்படுகிறது. நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் படிந்து பிரிந்துவிட, அதன்பின் உப்பு மணிமணியாகத் திரளும். எஞ்சும் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிடாவிட்டால் உப்பின் தரம் கெட்டுவிடும். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவது, திரண்ட உப்பைப் பலகையால் வாரி வரப்பில் சேர்ப்பது, ஈரத்தோடு அதைத் தலையில் சுமந்து சென்று அம்பாரமாகக் குவிப்பது ஆகிய அனைத்தும் நிழலே இல்லாத வெளியில், வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் குத்த நடக்க வேண்டியவை. உப்புநீரிலேயே நிற்கும் கால்களில் ஏற்பட்ட சிறு கீறலும் ஆறாது; நாள் முழுதும் தண்ணீருக்குள் நிற்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பது அரிது.

பொன்னாச்சி என்னும் இளம்பெண் இந்த வெளிக்குள் வேலைக்கு வருவதிலிருந்து நாவல் உப்பளத்தின் உலகை ஒவ்வொன்றாகத் திறக்கிறது. கூலியை எண்ணிக் கொடுப்பவர் யார், வேலை நாளைக் குறித்துக்கொள்பவர் யார், யாருடைய பெயர் பதிவேட்டில் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பன போன்ற எளிய விவரங்களில்தான் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தெரியவருகிறது. பெயர் பதிவாகாத பெண்ணை மேற்பார்வையாளர் எப்படியும் நடத்தலாம் என்பதை ராஜம் கிருஷ்ணன் உரத்துச் சொல்லாமல், வேலை நடக்கும் விதத்தைக் காட்டியே புரியவைக்கிறார். 1930இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பின் பெயரால் ஒரு தேசமே எழுந்து நின்றது. அந்த உப்பை அன்றாடம் விளைவிப்பவர்களுக்கு விடுதலைக்குப் பின் என்ன கிடைத்தது என்ற கேள்வி நாவல் முழுவதும் அடிநீரோட்டமாக ஓடுகிறது. நாவலின் சில உரையாடல்கள் கட்டுரைத்தன்மை கொண்டுவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் உப்பள வேலையை இவ்வளவு நெருக்கமாகப் பதிவு செய்த இன்னொரு தமிழ் நாவல் உண்டா என்று கேட்டுப் பார்த்தால் அந்தக் குறை சிறிதாகிவிடும்.

அடுத்த ஆறு நாட்களுக்கு, மே 15 முதல் 20 வரை, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977இல் வெளிவந்த, ஏறத்தாழ 130 பக்கங்களே உள்ள இந்தச் சிறிய நாவல் மணப்பாட்டுக் கரையில் நடக்கிறது. ‘கரிப்பு மணிக’ளுக்குப் பின் இதைப் படிப்பதற்கு ஒரு காரணம் உண்டு: உப்பளத் தொழிலாளிக்குத் தன் உடலைத் தவிர வேறு கருவி இல்லை, இந்த நாவலின் மீனவரான குரூஸ் மிக்கேலுக்கோ சொந்தமாக ஒரு வல்லம் இருக்கிறது. பாயும் துடுப்பும் கொண்டு செலுத்தப்படும் வல்லத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்குள் நாட்கூலி என்ற பேச்சே கிடையாது. பிடித்த மீனை விற்ற தொகை வல்லத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்காகப் பிரிக்கப்படும். நல்ல நாளின் மகிழ்ச்சியும் வெறுங்கையோடு திரும்பும் நாளின் துயரமும் எல்லாருக்கும் பொது. இயந்திரம் பொருத்திய லாஞ்சு கடற்கரைக்கு வரும்போது இந்த ஏற்பாடு குலையத் தொடங்குகிறது. பெரும் முதல் போடக்கூடியவர் லாஞ்சு வாங்குகிறார்; அதன் வேகத்துக்கும் வலையின் வீச்சுக்கும் முன்னால் வல்லம் நிற்க முடியவில்லை; ஒரே கோயிலில் மண்டியிட்டவர்கள் இரு அணிகளாகப் பகைத்துக்கொள்கிறார்கள்.

வல்லத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லும் ஆசிரியரான மகன் செபஸ்தியின் பேச்சில் நியாயம் உண்டு; விற்க மனம் வராத தந்தையின் பிடிவாதத்திலும் நியாயம் உண்டு. மகள் பிலோமியின் காதலும் அதன் முறிவும் இதே பின்னணியில் நிகழ்கின்றன. வண்ணநிலவன் எவரையும் தீயவராக்குவதில்லை என்பது இந்த நாவலின் பெரும் சிறப்பு. ராஜம் கிருஷ்ணனிடம் அநீதிக்குப் பொறுப்பாளிகள் அடையாளம் காட்டப்படுகிறார்கள். வண்ணநிலவனிடம் எல்லாரும் காயப்பட்டவர்களாகவே நிற்கிறார்கள். இந்த இரண்டு பார்வைகளில் எது உழைப்பின் உண்மையை அதிகம் சொல்கிறது என்பதை ஒரு வாரமேனும் மனத்தில் போட்டுப் பார்ப்பதற்காகவே இவ்விரண்டும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. இன்றைய தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்வருகின்றன என்பதை நினைவில் கொண்டு படித்தால், நாவல் பேசும் பிணக்கு முடிந்துபோன கதையன்று என்பது விளங்கும்.

மே 21 முதல் 29 வரை இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. 1994இல் வெளிவந்த இந்த நாவலில் கூலி என்பதன் பொருளே மாறிவிடுகிறது. ஆரோக்கியமும் அவள் கணவன் சவுரியும் ஊரில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் ஒரே குடும்பத்தார். ஒடுக்கப்பட்டவர்களாலேயே தமக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். இவர்களுக்குப் பணமாக எதுவும் தரப்படுவதில்லை. அன்றாடம் வீடு வீடாகச் சென்று வாங்கிவரும் சோறும், அறுவடைக் காலத்தில் களத்தில் அள்ளித் தரும் தானியமுமே ஆண்டு முழுவதும் செய்யும் வேலைக்கு ஈடு. அந்த வேலையும் வெளுப்பதோடு நிற்பதில்லை. பிறப்பு, பூப்பு, திருமணம், சாவு என ஒவ்வொரு வீட்டுச் சடங்கிலும் இவர்களுக்கென்று விதிக்கப்பட்ட பணிகள் உண்டு.

ஆரோக்கியம் களத்துக்குப் போய்த் தன் பங்குக்காகக் காத்திருக்கும் பகுதிகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். கேட்டு வாங்குவது உரிமையா, இரப்பா என்பது அவளுக்கே தெளிவாக இல்லை. கொடுப்பவரின் மனநிலைக்கேற்ப அது ஒவ்வொரு களத்திலும் ஒவ்வொன்றாகிறது. எனினும் தன்னை ஊர் மதிக்கிறது, தன் கை படாமல் எந்தக் காரியமும் நடவாது என்ற பெருமிதம் அவளுக்கு ஆழமாக உண்டு. காலம் மாறி, மக்கள் தாங்களே துணி துவைத்துக்கொள்ளவும் காசு கொடுத்து இஸ்திரி போட்டுக்கொள்ளவும் தொடங்கும்போது, இழிவிலிருந்து விடுபடுவதாக வெளியிலிருப்பவருக்குத் தோன்றும் மாற்றம் அவளுக்குப் பிழைப்பும் மதிப்பும் ஒருசேரப் பறிபோவதாகவே இருக்கிறது. இந்த முரணை எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் எழுதிக்காட்டியதால்தான் நாவல் வெளிவந்தபோது கடும் விவாதம் எழுந்தது. தாழ்த்தப்பட்டவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்ற எதிர்ப்பும், அவர்களுள்ளும் இயங்கும் சாதியடுக்கை மறைக்காமல் சொல்கிறது என்ற பாராட்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டையும் அறிந்துகொண்டு படிப்பதே முறை.

கடைசி இரண்டு நாட்களுக்கு அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் சிறுகதை போதும். ராஜஸ்தான் குடும்பம் ஒன்றுக்கு மருமகளாகச் செல்லும் மீனாட்சியின் கண்வழியே, பெரிய வீட்டின் மூலையில் இருண்டு கிடக்கும் சமையலறையும் அதற்குள் வாழ்நாளைக் கழிக்கும் பெண்களும் காட்டப்படுகிறார்கள். மருதிக்குக் கடன், பொன்னாச்சிக்கு நாட்கூலி, குரூஸ் மிக்கேலுக்குப் பங்கு, ஆரோக்கியத்துக்குச் சோறு என்று வந்த வரிசை இங்கே, வேலை என்று பெயரிடப்படாத, எனவே ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லாத உழைப்பில் வந்து நிற்கிறது. இக்கதையை மாதத் தொடக்கத்தில் படித்தால் அது சமையலறையைப் பற்றிய கதை மட்டுமே. நான்கு நூல்களுக்குப் பின் படிக்கும்போது அது உழைப்பைப் பற்றிய கதையாகிவிடுகிறது. வரிசை என்பது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வட்டார வழக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட பகுதியின், சமூகத்தின் பேச்சு மொழி, இந்நூல்களில் நிறைந்துள்ளது. மணப்பாட்டுக் கடற்கரைப் பேச்சுக்குப் பழகிய காதுக்கு ‘கோவேறு கழுதைக’ளின் விருத்தாசலம் பகுதிப் பேச்சு புதிதாக இருக்கும். முதல் இருபது பக்கங்கள் பிடிபடாவிட்டால் நூலை மூடிவிடாமல் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது பயன்தரும்; எழுத்தில் தடுக்கும் சொல் ஒலியில் எளிதாகப் பொருள் தந்துவிடும். இருவரோ மூவரோ சேர்ந்து படிப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடி, உரையாடல் பகுதிகளை மாறி மாறி வாசிக்கலாம். குடும்பத்தில் எவரேனும் அந்தத் தொழிலை அறிந்தவராக இருந்தால், நூல் சொல்வது சரிதானா என்று அவரிடம் கேட்பது எந்தத் திறனாய்வையும்விட மேலான துணை.

இப்பட்டியலில் இடம்பெறாதவை பல. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்த ‘எரியும் பனிக்காடு’, ‘துன்பக்கேணி’யோடு ஒப்பிட்டுப் படிக்க மிக ஏற்றது, ‘பரதேசி’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அதன் மூலம் இதுவே என்று அறிவார்கள். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘தோல்’, கைத்தறி நெசவாளரைப் பற்றிய தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, உவரிக் கடற்கரையைச் சேர்ந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ ஆகியவையும் தவிர்க்க முடியாதவை. 500 பக்கங்களைத் தாண்டும் ‘ஆழி சூழ் உலகு’ ஒரு மாதத்தைத் தனக்கே கேட்கும் நூல். ‘கடல்புரத்தில்’ படித்தவர்கள் அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

நூல்களைத் தேடுவதை மே மாதம் பிறந்தபின் தொடங்கினால் பாதி மாதம் தேடலிலேயே போய்விடும். ஆகவே ஏப்ரலிலேயே அருகிலுள்ள கிளை நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ உறுப்பினராகி, வேண்டிய நூல்களின் பெயர்களை நூலகரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தமிழக அரசு ஓர் எழுத்தாளருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ தொகை அளித்து, அவருடைய படைப்புகளை எவரும் பதிப்பிக்கலாம் என்று அறிவிப்பதை நாட்டுடைமையாக்கல் என்பர். புதுமைப்பித்தனின் எழுத்துகள் அவ்வாறு நாட்டுடைமையாக்கப்பட்டவை. ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் அவர் உயிரோடிருந்தபோதே, 2009இல், நாட்டுடைமையாயின. அதனால் ‘துன்பக்கேணி’யும் ‘கரிப்பு மணிக’ளும் இணையத்தில் விலையின்றியே படிக்கக் கிடைக்கின்றன, மாதத்தின் முதல் பதினான்கு நாட்களுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. வாழ்ந்துகொண்டிருக்கும் மற்ற எழுத்தாளர்களின் நூல்களை விலை கொடுத்து வாங்கியோ நூலகத்திலிருந்து பெற்றோ படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்வது பொருந்தும்; எழுதுவதும் உழைப்பே, அதற்கும் கூலி உண்டு.